சோற்றை நிறுத்திவிட்டு மராத்தான் ஓடலாமா?
கற்கால உணவுமுறையும் நெடுந்தொலைவு ஓட்டமும்

உடல் எடையைக் குறைக்க வேண்டும், இரத்தத்தில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் இன்று நம் மக்களிடையே பரவலாக வேரூன்றி வருகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. அதாவது ஏறக்குறைய 6 பேரில் ஒருவர். இந்தச் சூழலில் பலர் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். ஒன்று, சோறு, ரொட்டி, சீனி ஆகியவற்றை விட்டுவிட்டு 'பேலியோ' எனப்படும் கற்கால உணவுமுறைக்கு மாறுவது. மற்றொன்று, காலையில் எழுந்து ஓடத் தொடங்கி, 10 கிலோமீட்டர், அரை மராத்தான், முழு மராத்தான் என்று படிப்படியாக முன்னேறுவது.

இவை இரண்டும் தனித்தனியே நல்ல நோக்கம் கொண்டவைதாம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை செய்கின்றனவா, அல்லது ஒன்று மற்றொன்றின் காலை வாருகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் 42 கிலோமீட்டர் நெட்டோட்டத்தில் இறங்குபவர் 30ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் அமர்ந்துவிட நேரலாம். சில சமயங்களில் அதைவிடப் பெரிய விலையையும் கொடுக்க நேரலாம்.

பேலியோ என்றால் என்ன?

வேளாண்மை தோன்றி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னர் பல இலட்சம் ஆண்டுகள் மனிதன் வேட்டையாடியும் காய், கனி, கிழங்குகளைத் திரட்டியும் வாழ்ந்தான். நம் உடல் அந்த உணவுக்கே பழகியது, ஆகவே அந்த உணவுக்குத் திரும்பினால் இன்றைய நோய்கள் குறையும் என்பதே இந்த உணவுமுறையின் அடிப்படை வாதம். 1985ஆம் ஆண்டு பாய்ட் ஈட்டன், மெல்வின் கோனர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் இக்கருத்தை எழுதினர். 2002இல் லோரன் கோர்டெய்ன் எழுதிய நூல் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது.

கோர்டெய்ன் கூறும் முறையில் இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டைகள் ஆகியவை உண்டு. அரிசி, கோதுமை போன்ற தானியங்கள் இல்லை. பருப்பு வகைகள் இல்லை. பால், தயிர் இல்லை. சீனி, உப்பு, தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவு ஆகியவையும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழர்களிடையே 'பேலியோ' என்ற பெயரில் பரவியிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தை மிகவும் குறைத்து, நெய், வெண்ணெய், பன்னீர், பாதாம், முட்டை, இறைச்சி ஆகியவற்றைக் கூட்டும் முறையாகும். பால் பொருள்களைக் கோர்டெய்ன் விலக்குகிறார். தமிழ்ப் பேலியோ அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. முன்னதில் பழமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் உண்பவருக்கு ஓரளவு மாவுச்சத்து கிடைக்கும். பின்னதில் அது மிகக் குறைவு. ஓட்டக்காரரைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரியது.

நோயாளிகளுக்குக் கிடைத்த பலன்

இந்த உணவுமுறையால் நன்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. சுவீடனில் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதய நோயும் சீனிக் கட்டுப்பாட்டுக் குறைபாடும் கொண்ட 29 ஆண்கள் பங்கு பெற்றனர். 12 வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது, பேலியோ உணவு உண்டவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றப் பிரிவினரைவிட நன்கு மேம்பட்டிருந்தது. இரு பிரிவினரிடமும் இரத்தச் சீனியின் ஏற்றம் குறைந்தது. பேலியோ பிரிவில் அது 26 விழுக்காடும், மற்றப் பிரிவில் 7 விழுக்காடும் குறைந்தது.

ஆனால் அவர்கள் நோயாளிகள். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவரின் தேவை வேறு, வாரத்தில் 60 கிலோமீட்டர் ஓடுபவரின் தேவை வேறு. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குப் பற்றாக்குறையாகலாம்.

உடலின் இரண்டு எரிபொருள்கள்

ஓடும்போது உடல் முக்கியமாக இரண்டு எரிபொருள்களைப் பயன்படுத்துகிறது. ஒன்று கொழுப்பு. மற்றொன்று, நாம் உண்ணும் சோறு, கிழங்கு, பழம் ஆகியவற்றிலிருந்து உருவாகித் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து.

கொழுப்பின் கையிருப்பு மிகப் பெரியது. மெலிந்த ஓட்டக்காரரின் உடலில்கூட 7 கிலோ கொழுப்பு இருக்கலாம். அது 60,000 கலோரிக்கும் மேற்பட்ட ஆற்றல். கிளைகோஜனோ தசையில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் 100 கிராம் என மொத்தம் 500 கிராம் அளவே இருக்கும். அதன் ஆற்றல் சுமார் 2,000 கலோரி.

மராத்தானுக்கு எவ்வளவு தேவை? ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2,530 கலோரி செலவாகும். இதில் ஒரு பகுதியைக் கொழுப்பு தரும். ஆனால் வேகம் கூடக் கூட, உடல் கிளைகோஜனையே அதிகம் நாடுகிறது. அது தீர்ந்து போகும் கட்டத்தில் கால்கள் இரும்பாய்க் கனக்கும், தலை சுற்றும், ஓட்டம் நடையாக மாறும். ஓட்டக்காரர்கள் இதனைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள். பெரும்பாலோருக்கு அந்தச் சுவர் 30 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது.

இவ்வளவு கொழுப்பு இருக்கும்போது உடல் ஏன் அதையே எரித்து வேகமாக ஓடக் கூடாது? காரணம் உயிர்வளியில் இருக்கிறது. ஒரு லிட்டர் உயிர்வளியைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் சுமார் 4.7 கலோரிதான் கிடைக்கும். மெதுவாக நடக்கும்போது இது பொருட்டல்ல, வேண்டிய மூச்சு இருக்கிறது. ஆனால் போட்டி வேகத்தில், மூச்சே எல்லையாக நிற்கும் நேரத்தில், இந்தச் சிறு வேறுபாடுதான் முன்னே ஓடுபவரையும் பின்தங்குபவரையும் பிரிக்கிறது.

ஆய்வுகள் காட்டும் உண்மை

பேலியோ உணவு ஓட்டத்தை எப்படிப் பாதிக்கும் என்பதற்கான விடை, மாவுச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தப்பட்ட சோதனைகளில் இருக்கிறது.

1967ஆம் ஆண்டு சுவீடன் அறிஞர்கள் நடத்திய சோதனை இத்துறையின் மைல்கல் எனலாம். அதே ஆட்களுக்கு மூன்று வகை உணவு கொடுத்து, களைத்து விழும்வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். மாவுச்சத்து குறைந்த உணவை உண்டபோது அவர்களால் சராசரியாக 57 நிமிடங்களே மிதிக்க முடிந்தது. கலப்பு உணவை உண்டபோது 114 நிமிடங்கள். மாவுச்சத்து நிறைந்த உணவை உண்டபோது 167 நிமிடங்கள். அதே மனிதர்கள், அதே கால்கள். தட்டில் இருந்தது மாறியது, நேரம் ஏறக்குறைய மூன்று மடங்காகியது.

"உடலுக்குப் பழகுவதற்கு நேரம் கொடுத்தால் கொழுப்பிலேயே ஓடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நெடுந்தொலைவுப் போட்டிகளில் ஈடுபடும் 20 வீரர்கள் ஒப்பிடப்பட்டனர். அவர்களில் பாதிப் பேர் பல மாதங்களாக மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுக்குப் பழகியவர்கள். அவர்களின் உடல் நிமிடத்திற்கு 1.5 கிராம் அளவு கொழுப்பை எரித்தது, மற்றவர்களால் 0.7 கிராம் அளவே எரிக்க முடிந்தது. ஆகவே, பழக்கினால் உடல் கொழுப்பை இரு மடங்குக்கும் மேலாக எரிக்கக் கற்றுக்கொள்கிறது என்பது உண்மை.

ஆனால் அதிகம் எரிப்பது வேறு, வேகமாக ஓடுவது வேறு. அந்த ஆய்வு போட்டி நேரத்தை அளக்கவில்லை. அதை அளந்தவர் லூயிஸ் பர்க். ஆஸ்திரேலியாவில் அவர் தலைமையில் உலகத்தரம் வாய்ந்த வேகநடை வீரர்கள் மூன்று வாரங்கள் கடும் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவுக்கு நாள்தோறும் நிறைய மாவுச்சத்து. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு, ஆனால் பயிற்சிக்கேற்ப நேரம் மாற்றி. மூன்றாவது பிரிவுக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து, மற்றவை பெரும்பாலும் கொழுப்பு.

2017இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. பயிற்சியால் மூன்று பிரிவினரின் உடல்திறனும் உயர்ந்தது. ஆனால் 10 கிலோமீட்டர் போட்டியில் முதல் பிரிவு 6.6 விழுக்காடும், இரண்டாம் பிரிவு 5.3 விழுக்காடும் முன்னேறின. கொழுப்புப் பிரிவோ முன்னேறவே இல்லை, 1.6 விழுக்காடு பின்தங்கியது. அதே வேகத்தில் நடக்க அவர்களுக்கு அதிக உயிர்வளி தேவைப்பட்டது. மூன்று வாரம் சிந்திய வியர்வையின் பலனை உணவு விழுங்கிவிட்டது. 2020இல் வெளிவந்த மறு ஆய்விலும் இதே போக்கே தென்பட்டது.

கென்ய வீரர்களின் தட்டில் என்ன?

ஏட்டுச் சான்று போதாது என்பவர்கள் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். 2004இல் கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் 10 பேரின் உணவை அறிஞர்கள் எடை போட்டுப் பதிவு செய்தனர். அவர்களுக்குக் கிடைத்த ஆற்றலில் 76.5 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வந்தது. கொழுப்பு 13.4 விழுக்காடு, புரதம் 10.1 விழுக்காடு. சோளமாவைக் கிளறிச் செய்யும் 'உகாலி' என்னும் களி, சோறு, ரொட்டி, அவரை வகைகள், சீனி கலந்த பால் தேநீர் ஆகியவையே அவர்களின் முக்கிய உணவு. தானியம், பருப்பு, பால், சீனி எனப் பேலியோ விலக்கும் நான்கும் அந்தத் தட்டில் இருந்தன. எத்தியோப்பிய வீரர்களின் தட்டிலும் டெஃப் என்னும் சிறுதானியத்தில் செய்த இஞ்சேராவுக்கே முதலிடம்.

உகாலி தின்றால் எல்லாரும் கென்யர்போல் ஓடிவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. மேட்டு நிலத்தில் வாழ்வது, இளமை முதல் ஓடுவது, கடும் பயிற்சி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தானியமும் பாலும் நெடுந்தொலைவு ஓட்டத்திற்குத் தடை என்ற வாதத்திற்கு இது நேர் எதிரான சான்று.

கற்கால மனிதன் உண்மையில் என்ன உண்டான்?

கற்கால மனிதனும் ஓடினானே என்று கேட்கலாம். ஓடியது உண்மைதான். மனிதனின் கால் தசைநாண்கள், வியர்வைச் சுரப்பிகள், பிட்டத் தசை ஆகியவை நீண்ட ஓட்டத்திற்கென்றே அமைந்தவை என்று 2004இல் டெனிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். ஆனால் விலங்கைக் களைப்படையச் செய்யும் வேட்டை, வெயிலில் நடந்தும் மெல்ல ஓடியும் தொடர்வது. 2022இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டரை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடினார். அது மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர் வேகம். வேட்டைக்காரனின் வேகத்திற்குக் கொழுப்பு போதும். இந்த வேகத்திற்குப் போதாது.

அத்துடன், கற்கால மனிதன் மாவுச்சத்தைத் தொடவே இல்லை என்பதும் சரியன்று. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் சுமார் 170,000 ஆண்டுகளுக்கு முன்னர் சுட்டுத் தின்ற கிழங்குகளின் கரிந்த எச்சங்கள் கிடைத்துள்ளன. ஜோர்தானில் 14,000 ஆண்டுகளுக்கு முந்திய ரொட்டித் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அது வேளாண்மைக்கும் முந்திய காலம். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் தேனையும் கிழங்கையும் உண்கின்றனர். கிடைத்ததை உண்டு பிழைத்ததே நம் முன்னோரின் உணவுமுறை.

ஓட்டக்காரர் கவனிக்க வேண்டிய நான்கு பள்ளங்கள்

முதலாவது, மாவுச்சத்தின் அளவு. நாள்தோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு உணவியலின் பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 300 முதல் 420 கிராம். பேலியோ முறையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கால் மட்டும் 420 கிராமை எட்ட வேண்டுமானால் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அத்தனை நார்ச்சத்தை வயிற்றில் சுமந்துகொண்டு ஓடுவது எளிதன்று.

இரண்டாவது, சுண்ணாம்புச்சத்து. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 1,000 மில்லிகிராம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் 300 மில்லிகிராம் அளவு இருக்கிறது. பாலை விட்டவர் முள்ளோடு உண்ணும் நெத்திலி, மத்தி, எள், கீரை ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியைத் தாங்கும் கால் எலும்பில் நுண்ணிய முறிவு ஏற்படும் அபாயம் கூடும்.

மூன்றாவது, உப்பு. நம் நாட்டின் புழுக்கத்தில் ஓடுபவர் ஏராளமாக வியர்க்கிறார். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். உணவில் உப்பை அறவே ஒதுக்கிவிட்டு, ஓடும்போது வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். 2002ஆம் ஆண்டு போஸ்டன் மராத்தானில் 488 பேரைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினரிடம் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலருக்குக் காரணம், அதிகமாகத் தண்ணீர் குடித்ததே. குமட்டல், தலைவலி, குழப்பம் எனத் தொடங்கும் இது உயிருக்கே ஆபத்தாகவும் முடியக்கூடும்.

நான்காவது, மொத்த உணவின் குறைவு. இறைச்சியும் காய்கறியும் விரைவில் வயிற்றை நிறைத்துவிடும். பசியே தெரியாமல் தேவையைவிடக் குறைவாக உண்ணும் நிலை உண்டாகலாம். எடை இறங்குவதைப் பார்த்து மகிழும் ஓட்டக்காரர், உள்ளே நடப்பதை அறிவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்று போவது, ஆண்களுக்கு இயக்குநீர் குறைவது, அடிக்கடி காய்ச்சல், எலும்பு முறிவு ஆகியவை இதன் அறிகுறிகள். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இதனைத் தனிக் குறைபாடாக அறிவித்து எச்சரித்தது.

சைவ உணவு உண்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பருப்பு, தயிர், தௌஃபு, தெம்பே ஆகிய அனைத்தையும் பேலியோ விலக்கிவிட்டால் அவர்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? அவர்கள் இம்முறையைக் கடைப்பிடித்துக்கொண்டு நெடுந்தொலைவு ஓட முயல்வது அறிவுடைமையாகாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்சுலின் போடுபவர்களும் சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்திவிட்டு ஓடினால், இரத்தச் சீனி மிகவும் இறங்கி மயங்கி விழலாம். சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் புதிய வகை மாத்திரை உட்கொள்பவர்கள் மாவுச்சத்தை அறவே குறைத்தால், இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ஆகவே உணவை மாற்றுவதற்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மாற்றிய பிறகு போய்ச் சொல்வது பயன் தராது.

அப்படியானால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் மெதுவாக ஓடுபவருக்கு மாவுச்சத்துக் குறைவு பெரிய தடையாகாது. எடை குறைப்பே அவர் நோக்கமானால் பேலியோ அவருக்குப் பயன்படவும் கூடும். 100 கிலோமீட்டர் போன்ற மிக நீண்ட தொலைவை மெல்ல ஓடுபவருக்குக் கொழுப்பை எரிக்கும் திறன் துணை செய்யும். ஆனால் 10 கிலோமீட்டர் முதல் மராத்தான் வரை நேரத்தைக் குறைக்க விரும்புபவருக்குச் சோற்றைப் பகைத்துக்கொள்வது நட்டமே.

பேலியோ நூலின் ஆசிரியரே இதனை உணர்ந்திருந்தார். கோர்டெய்ன், பயிற்சியாளர் ஜோ ஃபிரீலுடன் சேர்ந்து 2005இல் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி நூல் எழுதினார். கடும் பயிற்சிக்கு முன்னும் பின்னும், ஓடும்போதும் மாவுச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் விதியைத் தளர்த்தினார். அதைப் படிக்காமல் முதல் நூலின் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுபவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

நடுவழி ஒன்று உண்டு. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், பாக்கெட் பிஸ்கட், பொரித்த பலகாரம், குளிர்பானம் ஆகியவற்றைக் குறைப்பது, மீன், முட்டை, காய்கறி, பழங்களைக் கூட்டுவது என்ற பேலியோவின் பாடம் எல்லாருக்கும் நல்லது. அதோடு சோறு, இட்லி, தோசை, கிழங்கு, பருப்பு ஆகியவற்றைப் பயிற்சியின் அளவுக்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டம் உள்ள நாளில் கூடுதலாக, ஓய்வு நாளில் குறைவாக. ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம் அளவு இருக்கிறது. பேரீச்சையும் தேனும் கைகொடுக்கும். போட்டி நாளில் மட்டும் புதிதாக எதையும் உண்ணாமல், பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

உணவை மாற்றிப் பார்க்க விரும்புபவர்கள் அதற்குரிய காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சோதனை செய்வது, பல மாத உழைப்பைப் பந்தயம் வைப்பதற்கு ஒப்பாகும். போட்டிகள் இல்லாத மாதங்களில் தொடங்கி, ஓடும் நேரம், உடல் எடை, தூக்கம், களைப்பு ஆகியவற்றைக் குறித்து வைத்தால் உடலே பதில் சொல்லும். வழக்கமான வேகமே கடினமாகத் தோன்றினால் அது மன உறுதியின் குறையன்று. தட்டில் எரிபொருள் குறைந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

உணவுமுறை எதுவானாலும் அது மனிதனுக்காக ஏற்பட்டது. ஓடுகிறவரின் வயது, நோய், பயிற்சி, நோக்கம் ஆகியவற்றைக் கேட்காமல் எல்லாருக்கும் ஒரே தட்டை நீட்டும் எந்த முறையையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மேற்கொள்ளும் வேலைக்கு ஏற்ற உணவை உண்பவரே தொடங்கிய ஓட்டத்தை நலமாக முடிப்பார்.